மின்சாரத்துக்குக் குலம் இல்லை

அன்பு மகன் சுஹுயினிக்கு உன் தகப்பன் அபுகாரி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு எப்படி, தங்கும் இடம் எப்படி, வேலை எப்படி, நேற்றைய களைப்பு தீர்ந்ததா என்று எல்லாவற்றையும் முறைப்படி கேட்டுவிட்டதாக வைத்துக்கொள், ஒவ்வொன்றாய் எழுதினால் தாள் நலம் விசாரிப்பிலேயே தீர்ந்துவிடும். இங்கே இறைவன் அருளால் எல்லோரும் சுகம். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, சிரித்தாலும் பரவாயில்லை, மன்னித்துவிடு. வரி ஒன்று மேட்டில் ஏறுகிறது, அடுத்தது பள்ளத்தில் இறங்குகிறது. மண்வெட்டி பிடித்த கை பேனாவையும் அப்படியே பிடிக்கிறது, தாளில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆனால் இது முழுக்க என் கை. யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. உன் பெயரை எழுதி முடித்துவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் அம்மா வந்து, "என்ன, பேரு எழுந்து ஓடிப்போயிடும்னு காவல் இருக்கீங்களா?" என்று கேட்டாள். நீ போனை எடுப்பதில்லை. நான் பேசி அனுப்பியதையும் கேட்பதில்லை என்று லாரி ஓட்டும் தாஹிரு சொன்னான். குரலைப் பாதியில் நிறுத்திவிடலாம், தகப்பன் எழுதிய தாளை அப்படிச் செய்யமாட்டாய் என்று நம்பித்தான் இதை அவனிடமே கொடுத்து நீ இருக்கும் தலைநகர் அக்ராவுக்கு அனுப்புகிறேன்.

அன்று ஷியா மில் வாசலில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ தலையைக் குனிந்துகொண்டாய், நான் நிமிர்ந்து நின்று பார்த்தேன், அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நம் பெண்கள் ஷியா மரத்துக் கொட்டையை வெண்ணெய்க்கு அரைக்க வாங்கிய மில்லுக்கு நீதான் முழு வயரிங்கும் செய்தாய். மின்சாரம் கொடுப்பதற்கு முன் பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கம்பியாய்ப் பார்த்து, நல்ல வேலை என்றபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அவர் எர்த் கம்பி இறக்கிய இடத்துக்குப் போய்த் தன் கருவியை வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். நீ, "நான் சோதிச்சுப் பாத்தேன், எர்த்துல பல்பைக் கோத்தா பளிச்சுனு எரிஞ்சுது!" என்று கத்தினாய். அவர் எப்போது என்று கேட்டார். நீ மழைக்காலத்தில் என்றாய். அப்போதுதான் உன் அத்தை மகள் ரஹினாத்து, "அப்போ மச்சான் எலக்ட்ரீஷியனா, தவளையா? மழை பெஞ்சாத்தான் தொழில் நடக்குமா?" என்று கேட்டாள், மில் வாசலே அதிர்ந்தது. அத்தை மகளுக்குக் கேலி செய்ய உரிமை உண்டு, நீயும் அவளை விட்டுவைத்தவன் இல்லை. ஆனால் மேஸ்திரி உன் தலையில் பவுடர் கொட்டி, இவன் தொழில் கற்றுவிட்டான் என்று ஊரறியச் சொல்லி விடுதலை கொடுத்து அதிக நாள் ஆகாத நேரம், அந்தச் சிரிப்பு உனக்கு வலித்திருக்கும். மறுநாள் விடிந்தபோது நீ தாஹிருவின் லாரியில் போய்விட்டாய்.

நீ போவதற்கு முந்தின மாலை, நீ வீட்டுப் பக்கம் வராத நேரத்தில், அந்தப் பரிசோதகர், போல்கா ஊர்க்காரர், அடாம்புக்ரி என்று பெயர், நம் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம். இவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறான் என்கிறீர்கள், கையெழுத்தைப் போட்டுவிட்டு அந்த ஒன்றைப் பிறகு சரிசெய்யச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "பெரியவரே, நான் கையெழுத்துப் போட்டா கரண்ட் வந்துடும். கரண்ட் வந்தப்புறம் இந்த வெயில்ல எவன் குழி தோண்டுவான்?" என்றார். பல்பு எரிய மின்சாரம் கொஞ்சம் ஓடினால் போதுமாம். மில்லுக்குள் ஒரு கம்பி பழுதாகி இரும்பில் பட்டால், கரண்டை நிறுத்தும் பிரேக்கர் உடனே விழுவதற்கு நிறைய ஓட வேண்டுமாம். இந்தப் புழுதிக் காற்று மாதங்களில் நம் மண் வெடித்துக் கிடக்கிறது, காய்ந்த மண் கொஞ்சத்தைத்தான் உள்ளே விடும், பிரேக்கர் விழாது, மில்லின் உடம்பு முழுக்க மின்சாரம் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டேன். "யாராவது வந்து தொடுற வரைக்கும்" என்றார். அவர் போன பிறகு நான் மில் பக்கம் போனேன். உன் அம்மா வெறுங்காலோடு ஈரத்தில் நின்று ஷியா மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள், முழங்கைவரை தண்ணீர். என்னைப் பார்த்ததும் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி நிமிர்ந்து அந்த மில்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். கரண்ட் இல்லாத வெறும் இரும்புதான். ஆனாலும் நான் அவள் கையைப் பிடித்து அதிலிருந்து விலக்கினேன். மகனே, அந்த மனிதர் உன்னை அவமானப்படுத்த வரவில்லை. உன் அம்மாவுக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் வந்து நின்றார்.

தோற்பது என்ன என்று எனக்கும் இப்போது தெரியும், கேள். நான் எழுதப் படிக்கக் கற்கப் போகும் மாலை வகுப்பில் வாசிப்புச் சோதனை வைத்தார்கள். எனக்குப் பாடம் நன்றாகத் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து கடகடவென்று சொன்னேன். வாத்தியாரம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாத்தா, ரொம்ப அழகா சொன்னீங்க. ஆனா நீங்க பிரிச்சு வெச்சிருக்கிறது வேற பக்கம்" என்றார். நான் வாசிக்கவே இல்லை, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. ஒரு வாரம் வகுப்புப் பக்கம் போகவில்லை. உன் அம்மாதான், "தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னதுக்கா இவ்வளவு கோபம்?" என்று துரத்திவிட்டாள். இரண்டாம் முறை தேறினேன். இப்போது தமாலே போகும் சாலையில் டிரான்ஸ்ஃபார்மர் பலகையில் உள்ள எச்சரிக்கையை வண்டி நிற்காமலே படித்துவிடுகிறேன், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன், அவர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். நம் நாட்டில் இறைச்சி வெட்டுகிறவனுக்குக் குலம் இருக்கிறது, சவரக்காரனுக்குக் குலம் இருக்கிறது, கொல்லனுக்கு இருக்கிறது. யாரும் அவர்களிடம் சான்றிதழ் கேட்பதில்லை, ஏனென்றால் ஒருவன் தவறு செய்தால் எந்த வீட்டு வாசலில் போய்க் கேட்க வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். முரசுக்காரன் தலைவர் வாசலில் வம்சம் பாடும்போது அவன் பின்னால் ஒரு கிழவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு பெயர் தப்பினால் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், தடுத்துவிடுவார். அவமானம்தான். ஆனால் தடுக்க ஆள் இல்லாத முரசுக்காரனிடம் எந்தத் தலைவரும் தன் பாட்டன் பெயரை ஒப்படைக்கமாட்டார். மின்சாரம் நேற்று வந்தது. அதற்குக் குலம் இல்லை, பாட்டன் இல்லை, பின்னால் உட்காரும் கிழவர் இல்லை. அரசாங்கம் பரீட்சை வைத்து, தேறியவர் பெயரைப் பதிந்து, எண் கொடுத்து, ஒவ்வொரு வேலையின் கீழும் அந்த எண்ணை எழுதச் சொல்வது, குலம் இல்லாத தொழிலுக்கு ஒரு குலம் உண்டாக்கத்தான் என்று எனக்குப் படுகிறது. மேஸ்திரி கொட்டிய பவுடரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது நீ அவருடைய பிள்ளை என்றது. உன்னை அறியாதவர்கள் உன்னை நம்ப வேறொன்று வேண்டும்.

இசாஹாக்கு மேஸ்திரியைப் பற்றியும் சொல்கிறேன். நீ அவர் பெயரைக் கெடுத்துவிட்டதாக நினைத்து ஒளிகிறாய் என்று தாஹிரு சொன்னான். அவர் நம் வீட்டுக்கு வந்து, "பல்பு வெச்சுப் பாருன்னு சொல்லிக் குடுத்தவன் நான். என் மேஸ்திரி எனக்குச் சொன்னாரு, நான் அவனுக்குச் சொன்னேன். திட்டு எனக்கு விழணும், பையன் எதுக்கு ஓடுறான்?" என்றார். இப்போது, தாம் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் அவரே போய் எர்த்தைத் தோண்டிப் பார்க்கிறார். அதோடு நிற்கவில்லை, பரீட்சைக்கான பயிற்சிக்குத் தமாலேயில் பெயர் கொடுத்துவிட்டார். நரைத்த தாடியோடு சின்னப் பையன்கள் நடுவில் உட்காரப் போகிறார். பெஞ்சில் பக்கத்து இடத்தை உனக்காகப் பிடித்து வைப்பாராம், "அவன் கண்ணு கூர்மை, நான் கணக்குல தடுமாறினா முழங்கையால இடிப்பான்" என்கிறார்.

மில் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. சாலைச் சந்திப்பிலிருந்து ஒருவன் வந்தான், பரிசோதகரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கம்பத்திலிருந்து நேராக இழுத்துச் சாயங்காலமே ஓட வைக்கிறேன் என்றான். பெண்கள் இப்போது கொட்டைக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள், கழுத்து வீங்கிய சிலருக்கு ஆசை வந்தது, அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ரஹினாத்துதான் மில் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "நாளைக்கு ஷாக் அடிச்சா உன்னை எந்த ஊர்ல வந்து தேடுறது? எங்க மச்சான் தப்புப் பண்ணினா அவங்க வீடு எங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அவன் போய்விட்டான். உன்னிடம் இதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு அவள் கட்டளை, ஆகவே உனக்குத் தெரியாததாகவே இருக்கட்டும்.

அங்கே நீ கடைகளுக்கு வயரிங் செய்கிறாய், எல்லோரும் உன் கையைப் புகழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே யாரும் உன்னைத் தடுப்பதில்லை என்பதுதான் என் கவலை. மகனே, மழை வருவதற்கு முன்னால் வந்துவிடு. எர்த் கம்பிகளை இன்னும் ஆழமாக, இன்னும் இரண்டு மூன்றாக, இந்தக் காய்ந்த மண்ணிலேயே இறக்கு, அடாம்புக்ரி இந்த வறட்சியிலேயே அளக்கட்டும். மழை பெய்துவிட்டால் மண் மறுபடி எல்லோரிடமும் நல்லபடியாகப் பேசும், நாம் அதை நம்பிவிடுவோம். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, கரண்ட் இருக்கிறதா என்று சோதிக்காமல் எதையும் தொடாதே. இறைவன் உன் கைக்கு நிதானத்தையும் உன் பெயருக்கு மதிப்பையும் கொடுக்கட்டும், உன்னைப் பத்திரமாக வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அம்மா ஆமீன் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் தாஹிரு புறப்படுவதற்குள் இன்னொரு கடிதம் எழுதிவிடுவேன். அது அங்கே வரும்போது நீ அறையைக் காலி செய்துவிட்டுப் புறப்பட்டிருந்தால் நல்லது, படிக்க ஆளில்லாமல் திரும்பி வரட்டும்.

உன் தகப்பன்
அபுகாரி
(இதுவும் நானே எழுதியது)