நேர்ந்துவிட்ட கிடாய்

மாமாவுக்கு,

மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று நம் மலையில் திருப்புலி நாட்டு ஊர்கள் முழுக்கச் சொல்லிவிட்டீர்களாம். நம் பிள்ளைக்காக நேர்ந்துவிட்ட கிடாயை ஆடி நோம்பிக்கு வெட்டப் போவதாக அத்தை போனில் சொன்னார். வேண்டாம், நிறுத்துங்கள்.

லட்சக்கணக்கான மூலக்கூறுகளில் எவை நம் மகளின் ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைவதைத் தடுக்கக்கூடும் என்று எங்கள் ஆய்வகக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. நாற்பதைப் பொறுக்கித் தந்தது. அது மருந்தல்ல, ஊகம். போன வாரம் அந்த நாற்பதையும் சோதனைக்குழாயில் நிஜ ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தோம். ஒன்றுகூடத் தடுக்கவில்லை. திங்கட்கிழமை வேறு மூலக்கூறுகளை வைத்து மறுபடி ஆரம்பிக்கிறேன்.

ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே கொடுங்கள். பனியில் மிளகுத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

நேற்று போனில் அவளிடமும் சொன்னேன்.

"மருந்து இன்னும் வரலியாம்மா?"

"இல்ல சாமி."

கிடாய்க்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள் போல, மணிச் சத்தம் கேட்டது.

"அப்ப இவன வெட்ட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"அப்பாடா" என்றாள்.

சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உங்கள் மகளின் அம்மா