ஆறடி தள்ளி நின்ன கணக்கு

கும்மிடிப்பூண்டி,
ஞாயித்துக்கெழம சாயங்காலம்.

கண்ணு ஏஞ்சலு, நீயும் மாப்ளயும் கொழந்த ஜெபாவும் கர்த்தர் கிருபைல சொகமா இருக்கணும். நான் இங்க ரெண்டு காலோட நல்லா கீறேன். வாய்ஸ் நோட்டு நாலு தபா பேசி நாலு தபா டெலீட் பண்ணிட்டேன், அதான் பேப்பர்ல எழுதி போட்டோ புடிச்சி அனுப்புறேன், கையெழுத்து கோழி கெளறுன மாரி கீது, பெருசு பண்ணி படி.

உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். கொஞ்ச நாளா வலது கெண்டக்கால் இறுக்கி புடிச்சிக்குது, ஸ்டேஷன்லேர்ந்து இரும்பு மில்லு கேட்டுக்குப் போறதுக்குள்ள நாலு எடத்துல நிக்கணும். நீ மஸ்கட்லேர்ந்து வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடி மெட்ராசு ஆஸ்பத்திரில ஒரு ஸ்கேன் எடுத்தாங்க. கைல ஊசி போடுறாங்க, அதுல கதிர் வுடுற மருந்து கீது, ரத்தத்தோட ஓடிப்போயி காலு சதையில ஒக்காந்துக்குது, வெளிய ஒரு கேமரா எங்க ரத்தம் போவுது எங்க போவலன்னு படம் புடிக்குது. இன்னா மூள பாரு. நைனா இந்த மாரி வீடியோவுக்கு பைத்தியம்னு உனக்குத்தான் தெரியுமே, படுத்துக்கினே ஆயிரம் கேள்வி கேட்டேன்.

நர்சு அருணா, இன்னிக்கி ஒரு நாளு கைக்கொழந்த கிட்ட போவாதீங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. நான் அதோட வுட்டனா? ரயில்ல திரும்பி வரச்சொல்லவே ஒரு வீடியோ பாத்தேன், மருந்து பாதியாவ மூணு நாளு, பத்து தபா பாதியானாத்தான் தீரும்னு அதுல ஒருத்தன் சொன்னான். முப்பது நாளு. மில்லுல செவப்பு போயி கறுத்துப்போன கம்பியத்தான் நாங்க நம்பவே மாட்டோம், ஆறிடுச்சின்னு எவன் சொன்னாலும் இன்னும் கொஞ்சம் தள்ளியே நிப்போம். அதே புத்தி. நீ வந்ததே பன்னெண்டு நாளு. மில்லுல லோடு ஜாஸ்தின்னு பொய் சொல்லிட்டு சோழவரத்துல கூட வேல செய்ற லோகு ரூம்ல படுத்துக்கினேன், தெனம் வந்து நம்ம ஊட்டு வாசல்ல ஆறடி தள்ளி நின்னு பாத்துட்டு போனேன். நீ கொழந்தய நீட்டுன, நான் கைய பின்னாடி கட்டிக்கினேன். உண்மைய சொன்னா, பால் குடுக்கற பொண்ணு, என் காலு நெனப்புலயே சோறு எறங்காம கெடப்பியேன்னு பயம். நீ மஸ்கட்டுக்கு கெளம்பச்சொல்ல கார்ல ஒக்காந்துக்கினு கேட்ட பாரு.

"சொல்லாம கல்யாணம் பண்ணிக்கினேன்னு இன்னும் கோவமா நைனா?"

வாய்ல பதில் வர்றதுக்குள்ள கார் போயிடுச்சி. உங்கம்மா சாராள் இருந்திருந்தா என் மொகத்த பாத்தே உனக்கு எடுத்து சொல்லியிருப்பா.

ஆஸ்பத்திரிக்கு கர்ப்பஸ்திரிங்க வருவாங்களேன்னு, முப்பது நாளு முடிஞ்சி நேத்துதான் ரிசல்ட்டு வாங்கவே போனேன். அருணா கிட்ட கணக்க பெருமையா சொன்னேன். சிரிச்சாங்க, கொழந்த விஷயத்த சொன்னதும் சிரிப்பு நின்னுடுச்சி. உங்களுக்கு போட்டது வேற மருந்து சார், ஆறு மணி நேரத்துல பாதியாயிடும், மறுநாளே பேரன தூக்கியிருக்கலாம்னாங்க. படிக்கட்டுலயே ஒக்காந்துட்டேன். காலு வலியால இல்ல.

வலது காலுக்கு ரத்தம் கம்மியா போவுதாம், இப்போதைக்கி ஆபரேஷன் வேணாமாம். வலி வர்ற வரிக்கும் நட, நில்லு, திரும்பி நட, பீடிய வுட்டுடுன்னாரு டாக்டரு. வுட்டுட்டேன். சாயங்காலமானா ஸ்டேஷன் வரிக்கும் போயி நின்னுட்டு வரேன், பூட்டுன ஊட்டுக்கு சீக்கிரம் வந்து இன்னா பண்றது.

கோவம் எப்பவோ போச்சி கண்ணு. கர்த்தர் உங்க மூணு பேரையும் கண்ணு மாரி காப்பாத்தட்டும். நேரத்துக்கு சாப்புடு, கொழந்தைக்கு தடுப்பூசி தேதிய மறக்காத. இத படிச்சதும் வீடியோ கால் போடு. ஜெபாவ கேமராவுக்கு நல்லா கிட்ட காட்டு, போன் பூரா அவன் மொகம் மட்டும் ரொம்பிக்கினு இருக்கணும்.

உன் நைனா
வரதன்