தாட்சாவின் கேள்விகளுக்கு வதினாவின் பதில்

ஆவடி குவார்ட்டர்ஸ்,
ஆகஸ்ட் 1997

அன்புள்ள தாட்சாவுக்கு,

வதினா எழுதுகிறேன், தமிழ் வந்த பிறகும் நீ அண்ணி என்று கூப்பிடாத அதே வதினாதான். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த கேள்வித்தாளும் வந்து சேர்ந்தன. ஹைதராபாத்தில் ஓயாத மழையாமே, துணியெல்லாம் காய்கிறதா? ஈரத் துணியோடு வகுப்புக்குப் போய் நிற்காதே. உனக்குச் சளி பிடித்தால் எவ்வளவு நாள் படுத்துவாய் என்று எனக்குத்தான் தெரியும். உன் தெலுங்கைக் கேட்டுத் தோழிகள் சிரிப்பதாக எழுதியிருந்தாய். சிரிக்கட்டும் விடு. இங்கே வாய் திறந்த புதிதில் உன் தமிழுக்கும் சிரித்தார்கள், நீ என்ன குறைந்தா போய்விட்டாய்?

கேள்விகளைப் படித்துவிட்டு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. 'வேற்று மொழிச் சூழலில் குழந்தை பேசாதிருக்கும் காலம்' என்று போட்டிருக்கிறாயே, அது நீதானேடி! உன்னையே ஒரு குழந்தையாக ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளப் பேராசிரியர் சம்மதித்தது நல்லதுதான். அந்தக் குழந்தையின் பின்னால் சோற்றுத் தட்டோடு ஓடியவளுக்கும் ஏதாவது பட்டம் உண்டா என்று அவரைக் கேட்டு எழுது. பதில்கள் உன் வரிசைப்படி வராது. ஞாபகம் இழுத்துக்கொண்டு போகிற பக்கம் போவேன், நீ ஒழுங்குபடுத்திக்கொள்.

எண்பத்தொன்றில் மதனப்பள்ளியில் உன் அம்மா காலமானதும் உன் அண்ணா உன்னை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். உனக்கு ஆறு வயசு, தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கரையான்சாவடியில் என் பிறந்த வீட்டில் அப்பா காலத்திலேயே தெலுங்கு போய்விட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வா, போ, தின்னு அளவுக்குத்தான். உன் அண்ணா டாங்கி ஃபேக்டரிக்கு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நாம் இரண்டு பேர், ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் புரியாது. நீ வயிற்றைத் தொட்டுக் காட்டுவாய். பசிக்கிறதாக்கும் என்று சோறு பிசைந்து ஊட்டுவேன். கடைசியில் பார்த்தால் அது வயிற்றுவலி. பாவம், அழுதுகொண்டே தின்பாய்.

எத்தனை நாள் பேசாமல் இருந்தாய் என்று கேட்டிருக்கிறாய். மூன்று மாசம் இருக்கும். சாயங்காலம் ப்ளாக்குக்கு முன்னால் பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடுவார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் மகன் சம்பத்துதான் தலைவன். பாஷை தெரியாத உன்னை அவன் ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொண்டான். நீயும் கூட ஓடலாம், ஆனால் உன்னைப் பிடித்தாலும் அவுட் இல்லை, நீ பிடித்தாலும் கணக்கில்லை. நீ வாயே திறக்காமல் எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டு ஓடுவாய். கன்னியம்மா என்னிடம் வந்து, "கொயந்த ஊமையா இன்னா? ஒரு தாயத்து கட்டினு வாயேன்" என்று பயமுறுத்திவிட்டுப் போனாள். நானும் கிலியோடு உன் அண்ணாவிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. எல்லாவற்றையும் உள்ளே போட்டுவைக்கிறாள், ஒருநாள் மொத்தமாகக் கொட்டுவாள் பார் என்றார்.

கொட்டினாய் அம்மா. ஒருநாள் நீ சம்பத்தைப் பிடித்துவிட்டாய். அவன் அலட்சியமாக, ஒப்புக்குத்தானே என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். நீ அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, "நா இன்னா ஒப்புக்கா ஓடிகினு கீறேன்? நானும் ஆட்டந்தாண்டா!" என்று கத்தினாய். அவன் சட்டைப் பொத்தான் தெறித்து விழுந்தது. நான் கையில் முறத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த உன் அண்ணா காதிலும் அது விழுந்தது. அன்றைக்கு ப்ளாக்கில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

நாங்கள் சொல்லிக் கொடுத்தோமா என்றால், இல்லவே இல்லை. நான் படப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அணில், ஆடு என்று சொன்னபோதெல்லாம் நீ கொட்டாவி விட்டாய். இரண்டு பாஷையையும் குழப்பிக்கொண்டாயா என்றால், அதுவும் ரொம்ப நாள் இல்லை. முகம் உன் அண்ணா பக்கம் திரும்பினால் தெலுங்கு, என் பக்கம் திரும்பினால் தமிழ். மதனப்பள்ளியிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் என் மடியில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் பேசுவதை என் காதில் தமிழில் ஓதுவாய். எனக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி அவர்கள் பேசியபோது மட்டும் நீ எதுவும் சொல்லாமல் என் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாய். எனக்குப் புரிந்துவிட்டது. ஏழு வயசில் எதைச் சொல்லக் கூடாது என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உன் ஆராய்ச்சியில் அதற்கு ஒரு கேள்வியே இல்லையே.

கடைசிக் கேள்வியில்தான் தடுக்கிக்கொண்டேன். வீட்டில் பெரியவர்கள் யாராவது புதிதாக ஒரு மொழி கற்றதுண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு தாட்சா. நாற்பது வயசுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட நான் இப்போது தெலுங்கு படிக்கிறேன்.

உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்படாமல் படி. ஜூன் மாசம் உன் அண்ணா காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். பக்கவாதம். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலது கை மட்டும் இன்னும் எழும்பவில்லை. அண்ணா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபித்திருந்தாயே, காரணம் இதுதான். உன்னை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, அவள் படிப்பு முடிகிறவரைக்கும் எதற்காகவும் கூப்பிடக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அதற்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலில் பேச்சே இல்லை. பிறகு பேச்சு வந்தது, வந்தது தெலுங்கு. நான் தமிழில் சொல்வது அவருக்குப் புரிகிறது, தலையாட்டுகிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தெலுங்குதான் வருகிறது. அது அவர் காதிலேயே விழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார். சிலருக்கு இப்படி ஒரு பாஷை முன்னால் திரும்பும், மற்றது பின்னால் வந்தாலும் வரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பதினெட்டு வருஷம் என்னோடு தமிழில் சண்டை போட்ட மனுஷன். ரசத்தில் உப்பில்லை என்று ஒரு தடவை தமிழில் கத்தமாட்டாரா என்று ஏங்குகிறேன்.

முப்பது நாளில் பேசலாம் என்று அட்டையில் போட்ட ஒரு புத்தகம் வாங்கினேன். ரயில் எத்தனை மணிக்கு, கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்க அழகாகச் சொல்லித் தருகிறது. புருஷனிடம் என்ன வேண்டும், எங்கே நோகிறது என்று கேட்க அதில் ஒரு வரி இல்லை. நொப்பி என்றால் வலி, நீள்ளு என்றால் தண்ணீர் என்று நானாகத்தான் பொறுக்கிக்கொண்டேன். உனக்குத் தானாக வந்தது எனக்குப் பிடித்து இழுத்தாலும் வர மறுக்கிறது. அவர் நீளமாக ஏதோ சொல்வார். நான் துண்டு, ரேடியோ, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நீட்டுவேன். கடைசியில் போதும் என்று கண்ணை மூடிக்கொள்வார். அப்போது எனக்குச் செத்துவிடலாம் போல் இருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் புத்தகம் இல்லாமலே புரிந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பி, "பாப வச்சிந்தா?" என்று கேட்கிறார். பாப்பா வந்தாச்சா என்றுதானே அர்த்தம்? உன்னைத்தான் கேட்கிறார். இன்னும் இல்லை என்று நான் தமிழில் சொல்கிறேன். தலையாட்டிவிட்டு மறுநாளும் கேட்கிறார்.

வாக்கு வாங்கிக்கொண்டவரே கேட்கும்போது நான் அதை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்? பேராசிரியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வா, கண்ணு. மிச்சக் கேள்விகளை இங்கே வந்து கேட்டுக்கொள்ளலாம். உன் படிப்புக்கு ஒரு குறையும் வராது, நீ நன்றாக இருப்பாய். 'வச்சிந்தி', வந்தாச்சு, என்று ஒரு பதில் படித்து வைத்திருக்கிறேன். அதை நான் அவரிடம் ஒருநாள் சொல்ல வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
வதினா லோகநாயகி