கழற்றாத செருப்பு

அக்கா,

மழை பெய்தால் போதும், கட்டிலுக்கு அடியிலிருந்து உன் பழைய செருப்பின் ரப்பர் வாடை வந்துவிடுகிறது. இன்று காலையும் அந்த வாடையோடுதான் ஆராதனைக்குக் கிளம்பினேன். அங்கே போனால் சபை மூப்பர் மைக்கைத் தட்டித் தட்டி அதே அறிவிப்பு: "திருவிருந்துக்கு வர்றவங்க செருப்பைக் கழட்டிட்டு வரவும்." நீ போன பிறகும் இந்த மனுஷனுக்கு வாய் வலிக்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தச் சட்டம் வேதத்திலிருந்தா வந்தது? கிரானைட்டோடு வந்தது. பலிபீடத்துக்கு முன்னால் பளபளவென்று கல் பதித்த கையோடு பரிசுத்தமும் வந்து இறங்கிவிட்டது. அதற்கு முன்பு ஷூ கம்பெனியிலிருந்து நேரே வந்து செருப்புக் காலோடுதான் எல்லோரும் முழங்காலிட்டோம். கர்த்தர் ஒன்றும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சின்ன வயதில் உனக்கு வந்த தொழுநோய் மருந்தில் போய்விட்டது. பாதத்தில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் அளவெடுத்துத் தந்த அந்தக் கறுப்புச் செருப்பு. "வெறுங்கால்ல ஒரு அடி வைக்காதம்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பியதை, கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து நீயே எத்தனை முறை சொல்லியிருப்பாய். ஆனாலும் சட்டம் வந்த முதல் வாரம் கழற்றினாய். பூ அலங்காரத்திலிருந்து விழுந்த குண்டூசி பாதத்தில் ஏறியதுகூடத் தெரியாமல், அதன்மேலேயே செருப்பை மாட்டிக்கொண்டு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு கதை பேசிக்கொண்டு நடந்தாய். ரத்தத்தைப் பார்த்து நான்தான் அலறினேன். புண் ஆற ஒரு மழைக்காலமே போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார்கள்.

அடுத்த முறை செருப்போடு போனாய். மூப்பர் கையை நீட்டி மறித்தார்.

"கர்த்தர் முன்னால மோசேயே செருப்பைக் கழட்டினாரும்மா."

"மோசேக்குக் கால்ல உணர்ச்சி இருந்திச்சிங்க ஐயா" என்றாய், சிரிக்காமல். அப்புறம் சத்தமில்லாமல் கடைசி பெஞ்சுக்குத் திரும்பிவிட்டாய்.

நான் விடுவேனா? போதகரிடம் போய், திருவிருந்து அப்பத்தை உன் பெஞ்சுக்கே கொண்டுவந்து தரக் கேட்டேன். "படுக்கையில இருக்கிறவங்களுக்குத்தாம்மா கொண்டுபோய்க் குடுக்கலாம். அவங்கதான் நல்லா நடக்கிறாங்களே" என்றார். நடக்கிறவள் முன்னால் வர வேண்டும். செருப்புப் போட்டவள் வரக் கூடாது. இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? வேறு சபைக்குப் போய்விடலாம் என்று நான் குதித்தால், "பேஜார் பண்ணாதடி. கர்த்தருக்கு என் பெஞ்சு தெரியும்" என்பாய். மூப்பரைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தி. அப்பத்தட்டு முன்வரிசையோடு நின்றுபோகும்போதெல்லாம் உன் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்?

கடைசியில் நீ படுக்கையில் விழுந்தாய். "இப்ப ரூல்படி சரியாப் போச்சி" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். போதகர் அப்பத்தோடு வந்து, உன் வீட்டு வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

"போட்டுக்கினே வாங்க ஐயா. தரை ஜில்லுன்னு இருக்குதாம்."

குத்திக்காட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நீ நிஜமாகவே அவருக்காகச் சொன்னாய். அவர் கழற்றிவிட்டுத்தான் வந்தார். வெறுங்காலோடு உன் கட்டிலோரம் நின்று அப்பத்தை உன் வாயில் வைத்தார்.

உன்னைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை உடுத்தியவள் நான். ஆஸ்பத்திரியில் புதிதாகத் தந்து, நீ ஒரு நாளும் போடாத ஜோடி ஒன்று உன் துணிப்பெட்டிமேல் இருந்தது. அதை உன் கால்களில் மாட்டி வார் போட்டு, சேலையை இழுத்து மூடிவிட்டேன். மூப்பரும் ஒரு கை பிடித்து உன்னைச் சவப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய், பலிபீடத்துக்கு நேர் முன்னால், அந்தக் கிரானைட்டின்மேல் இறக்கி வைத்தார்.

இன்று நான் கழற்றிவிட்டுத்தான் போனேன். தரை ஜில்லென்றுதான் இருக்கிறது, அக்கா.