பாட்டில் வாயில் ஸ்பூன்

என்னங்க,

ராத்திரி பார்ட்டிக்கு, நுரை பொங்குற ஸ்பார்க்ளிங் ஒயினும் வெள்ளை ஒயினும் ஃபிரிட்ஜ்ல இருக்கு. "மலிவு சரக்கு வச்சா மானம் போயிடும்"னு நேத்து குதிச்சீங்களே, உங்க நண்பர்கள் ஒரு வாய் குடிச்சுட்டுச் சொல்லட்டும். அவசரப்பட்டு ஃப்ரீசர்ல வச்சிடாதீங்க. போன தடவை வெடிச்சு, கண்ணாடியைப் பொறுக்கினது நான்தான்.

உங்க தங்கச்சி முன்னாடியே வருவா. அவளுக்குச் சாவி பக்கத்து வீட்டுல இருக்கு.

ஆஸ்பத்திரியில டியூட்டி முடிஞ்சு நான் வர்றதுக்குள்ள எல்லாரும் கிளம்பியிருப்பாங்க. எப்பவும் போல, நுரை போகக் கூடாதுன்னு, பாட்டில் வாயில ஸ்பூனைச் சொருகி, எனக்குன்னு மிச்சம் வச்சுட்டு நீங்க தூங்கிடுவீங்க. ஒரு தடவைகூட நுரை இருந்ததில்லைங்க. இருந்தாலும் தனியா உக்காந்து குடிச்சுடுவேன்.

பி.கு.: இன்னைக்கு மிச்சம் வைக்காதீங்க, எல்லாத்தையும் குடிச்சுடுங்க. நீங்க மட்டும் முழிச்சிருங்க.