முறையில்லாத தண்ணீர்

தின்சுலா, திரா ஆற்றங்கரை
3 நவம்பர் 2014

அன்புத் தம்பி மஹ்ஜூபுக்கு,

சலாம். மூன்றாம் வகுப்பில் நீ என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? "டீச்சர், தண்ணி இல்லாத ஆத்த ஆறுன்னு சொல்லலாமா?" சொந்த அக்காவை டீச்சர் என்று கூப்பிட வெட்கப்பட்டு, வாய்க்குள்ளேயே கேட்டாய். ஆறு மணலுக்கு அடியில் போகிறது, நம் கிணறுகளில் எட்டிப் பார்க்கிறது என்று சொன்னேன்.

தர்பூசணி போடுகிறவர்கள் நம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு கடல் தாண்டி உனக்கு லியோனுக்கே எழுதியிருக்கிறார்களாம். ஆழ்துளைக் கிணறு இறக்குவார்களாம். சம்மதிக்காதே. நிலம் உன் பெயரில் இருக்கிறது; தண்ணீர் ஊருடையது.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே.

உன் அக்கா
யம்னா


லியோன்
30 நவம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கால்வாய்த் தண்ணீருக்கு முறை உண்டு. நம் குடும்பத்தின் பெயரைக் கூப்பிட்டால் மடையைத் திறக்கிறோம், அடுத்த பெயர் வந்தால் அடைக்கிறோம். மண்ணுக்கு அடியில் யார் பெயரைக் கூப்பிடுகிறார்கள்? அது யாருடைய முறையும் இல்லை. அங்கே ஆறு ஓடுகிறது என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்.

இங்கே எனக்கு வேலை போய்விட்டது, அக்கா. பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை.

மஹ்ஜூப்


தின்சுலா
12 ஜூன் 2016

தம்பிக்கு,

சலாம். நம் நிலத்தில் தர்பூசணி நன்றாக விளைந்திருக்கிறது. லாரி லாரியாகப் போகிறது.

முதலில் நம் வீட்டுக் கிணறு வற்றியது. பிறகு பக்கத்து வீட்டு இஸ்ஸாவின் கிணறு. ஒரே கிண்ணத்துச் சூப்பை நாலு பேர் கரண்டியால் குடிக்கும்போது ஒருவன் மட்டும் குழாய் போட்டு உறிஞ்சினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

நீ எழுதியதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன்; இஸ்ஸா வந்து வாசலில் நின்றாள். "டீச்சரம்மா, உங்க தம்பி கெட்டிக்காரரு. அடியில போறதுக்கு முறை கெடையாதுன்னு கண்டுபிடிச்சிட்டாரு. நாங்கதான் மக்கு, தலைமுறை தலைமுறையா வரிசையில நின்னோம்" என்று சிரித்தாள். மறு வாரம் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. கடற்கரையில், அகாதிரில் மீன் கழுவும் வேலைக்குப் போய்விட்டாளாம், குடும்பத்தோடு. என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுடைய பேரீச்ச மரங்கள் காய்ந்த மட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கின்றன.

உன் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. ஆனால் பெருநாளுக்கு வராதே. ஊரில் மிச்சம் இருக்கிறவர்கள் உனக்கு மரியாதையாக சலாம் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க என்னால் முடியாது.

லியோன் சந்தைக்கு நம் பக்கத்துத் தர்பூசணி வருகிறதாம். வாங்க வேண்டாம். அதன் கனமெல்லாம் நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்; ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, கை வலிக்கும்வரை வைத்திரு. பிறகு இறக்கி வை.

யம்னா