அதிவிசேட சித்திக்கு ஒரு செங்குருகுச் செய்தி

என் அதிவிசேட சித்திக்கு,

கணிதத்தில் சாதாரண சித்தி, விஞ்ஞானத்தில் சாதாரண சித்தி, அதாவது வெறும் பாஸ், என்று ரிப்போட் வரும்போதெல்லாம், "வீட்டில ஒரு அதிவிசேட சித்தி இருக்கிறா, எனக்கு அது காணும்" என்று அம்மாவிடமிருந்து தப்பிவிடுவேன். நீங்கள் போனபிறகு அந்தப் பகிடி செல்லாக்காசு. இனிப் பாடத்தில்தான் சித்தியைத் தேடவேண்டும். என்ன அநியாயம் பாருங்கள்.

சரி, ஒரு செய்தி இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் பக்கத்தில் இருக்கிற எதுவும் பறந்துவிடும். அங்கே மேலே என்ன பறவைகள் இருக்கின்றனவோ, தெரியாது. ஆகவே வாயைப் பொத்திக்கொண்டு வாசியுங்கள்.

கூடவே எட்டிப்பார்த்து வாசிக்கிறவர்களுக்கு: இவர் என் அம்மாவின் தங்கை. கிழமை நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு வங்கியில், மடிப்புக் கலையாத சேலையோடு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பார். ஞாயிறு காலையில் கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பில், அப்பா கைவிட்ட காற்சட்டையோடு சம்பம்புல்லுக்குப் பின்னால் இருப்பார். கலியாண வீடென்றால் தூணுக்குப் பின்னால். எந்த நாளும் ஏதாவது ஒன்றுக்குப் பின்னால்தான்.

அதுதான் சித்தி பிரச்சினையே. நீங்கள் போன அன்று, சுவரில் வைக்க ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. அவசரத்தில் அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படத்தைப் பார்த்தால் நானே களவெடுக்காததையும் களவெடுத்தேன் என்று ஒப்புக்கொள்வேன்.

அம்மா பின்னேரத்தில் அதற்கு முன்னால் விளக்கேற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார். பக்தி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் கேட்டேன். "அது என்ர தங்கச்சி இல்லையடி. ஆரோ ஒரு பெரிய ஒபிசர். அவவைப் பார்த்து நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார்.

உங்களுக்கு ஆட்டைத் திவசம், முதலாவது வருடத் திதி, நெருங்கியது. அதற்குள் தன் தங்கையின் முகம் வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். பூசையும் சமையலும் பற்றிக் கேட்க வந்தவர்களிடமும் படத்தைப் பற்றியே கதைத்தார். தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் கணினியைத் தட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தானே.

உங்கள் கமரா கார்ட்டுகளை எல்லாம் திறந்தேன். ஐயோ சித்தி! ஆயிரக்கணக்கில் பறவைகள். இல்லை, பறவைகளின் பின்பக்கங்கள். கானாங்கோழியின் வால், ஏதோ ஒரு கொக்கின் கால், பறவை போனபிறகு ஆடிக்கொண்டிருக்கும் புல். சிரிப்பை அடக்கத் தெரியாத ஒருவர் கூச்சப் பறவைகளைப் படமெடுக்கப் போனால் வேறென்ன கிடைக்கும்? அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் இதுக்கோ என்னைத் தனிய விட்டிட்டுப் போனவள்?" என்றார். குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

உங்களைக் காணவில்லை. ஒரு படத்திலும் இல்லை. வீட்டு அல்பங்களில் இருந்ததெல்லாம் உங்கள் உள்ளங்கை. கமராவைத் தூக்கினாலே கையைத் தூக்குகிறவரை எப்படிப் பிடிப்பது? சதுப்புப் பறவை தோற்றுவிடும்.

ஆனால் பறவையைப் பிடிக்கிற முறை எனக்குத் தெரியும். உங்களோடு எத்தனை ஞாயிறு சேற்றில் இருந்திருக்கிறேன்! வெளிறிய உடுப்பு, வாசனை பூசக்கூடாது, நிற்கக்கூடாது, குந்திக்கொண்டே போய் ஓரிடத்தில் கல்லாக வேண்டும். நாங்கள் வந்தது பறவைக்குத் தெரியும், அதை மறக்க வைப்பதுதான் வேலை என்பீர்கள். சொல்லி முடித்த கையோடு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிடும். போச்சு. அன்றைய நாள் முடிந்தது.

எங்களைக் கொண்டுபோய் விடும் ஓட்டோக்காரர் சுனில் அய்யே, திரும்பி ஏறும்போது ஒவ்வொரு முறையும் சிங்களத்தில் கேட்பார்: "மிஸ், அத கொகா ஹம்புணாத?" இன்றைக்குக் கொக்கு கிடைத்ததா என்று. அவருக்கு எல்லாமே கொக்கு. "நே அய்யே", இல்லை அண்ணா, என்று நீங்கள் சொல்வீர்கள். அது கொக்கு இல்லை, செங்குருகு என்று அவருக்கு விளக்க நான் எடுத்த முயற்சியில் என் சிங்களம்தான் செத்தது.

செங்குருகு! கறுவாப்பட்டை நிறம். ஆள் அரவம் கேட்டால் ஓடாது, பறக்காது. அலகை வானத்துக்கு நீட்டிக் கழுத்தை ஒட்ட இழுத்து நின்றால், காய்ந்த புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. காற்றில் புல் ஆடினால் தானும் ஆடும். அந்த நடிப்பில் பாதி எனக்கு வந்தால் வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்கும்போது நான் சுவராகவே நின்றுவிடுவேன். அது பறந்து போவதைக் கண்டிருக்கிறீர்கள். நிற்பதை ஒருநாளும் காணவில்லை. நிற்கிற ஒரு படம் கிடைத்தால் போதும், பிறகு கமராவை எனக்கே தருகிறேன் என்றீர்கள்.

உங்கள் கடைசிச் சதுப்பு ஞாயிறு நினைவிருக்கிறதா? அது கடைசி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நீங்கள் முழங்காலில், புல்லைப் பார்த்தபடி, இரண்டு கையிலும் கமராவைத் தூக்கிக்கொண்டு. நான் உங்களுக்குப் பின்னால். காலில் எறும்பு, மனதில் குரங்கு. தொண்டையை ஒடுக்கிக்கொண்டு மெல்ல, "கொக்... கொக்... கொக்..." என்று குருகைப் போலக் குரல் கொடுத்தேன்.

நீங்கள் எப்படித் திரும்பினீர்கள்! கண் இரண்டும் விரிந்து, கன்னத்தில் சேறு, கொண்டையில் ஒரு புல். குருகு இல்லை, குரங்கு என்று கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் கமரா கனத்தது. முகத்தை மறைக்க ஒரு கையும் மிச்சமில்லை. நான் போனைத் தூக்கி அமத்திவிட்டேன்.

"எடியே, அழி அதை!" என்று நீங்கள் உரத்துச் சொல்ல, பின்னால் புல்லுக்குள் ஏதோ சரசரத்தது. "எலியாக்கும்" என்றீர்கள். நானும் எலி என்றே நம்பினேன்.

அந்தப் படத்தை அன்றே வாட்ஸ்அப் ஸ்டிக்கராக வெட்டி, "காசாளர் சேற்றில் உள்ளார்" என்று எழுதிக் குடும்பக் குழுவில் ஒட்டினேன். அவ்வளவுதான். நாள் போக மறந்தும் போனேன். இப்போது தேடும்போது போனின் அடியில் முழுப்படமும் கிடந்தது.

அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார். "இவள்தான்" என்றார். பிறகு, "ஆனா இந்தக் கோலத்தில எப்பிடி மாலை போடுறது? ஐயர் என்ன நினைப்பார்? ஸ்ரூடியோவில குடுத்து ஒரு சீலையை உடுத்திவிடுவம்" என்றார்.

உங்களுக்குத் தெரியும்தானே அந்த வித்தை. காலி வீதி ஸ்ரூடியோவில் இருக்கும் அண்ணா, செத்தவர்களுக்கெல்லாம் கோட்டும் சேலையும் உடுத்தி நீலப் பின்னணியில் இருத்திவிடுவார். மலையகத்திலிருந்து வந்தவர், கை படு வேகம். கணினியைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்கத் தலையில்லாத பட்டுச்சேலைகள் வரிசையாக நின்றன. பேய்ப்படம் எடுக்கலாம்.

"எந்தக் கலரு வேணும்மா? கூறைச்சேலையும் இருக்கு."

"கூறை வேண்டாம் தம்பி, அவள் கலியாணம் கட்டேல்லை" என்றார் அம்மா.

"தலையில்லாத சேலை ஒன்றும் எங்கட சித்திக்குச் சரிவராது, அவவுக்குத் தலைக்கனம் கூட" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

"சரி, மொதல்ல இந்தக் காஞ்ச புல்லையெல்லாம் அழிச்சிர்றேன்" என்று அண்ணா உங்கள் தோளோரம் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். உங்கள் காதுப்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னா தங்கச்சி இது? புல்லுக்குக் கண்ணு இருக்கு?"

சித்தி, வாயைப் பொத்துங்கள்.

உங்கள் காதுக்குப் பின்னால், புல்லோடு புல்லாக, அலகை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, அது நின்றது. கறுவாக் கழுத்து. மஞ்சள் கண். எங்களையே பார்த்துக்கொண்டு! நான் போட்ட கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். அம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே புல்தானே அது. முதலே அங்கே நின்று உங்களை ஏமாற்றியதா? இல்லை, நீங்கள் திரும்பியபிறகு எட்டிப்பார்க்க வந்ததா? என் குரலில் மயங்கி வந்தது என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். உண்மை உங்களுக்கும் அதற்கும்தான் தெரியும். அல்லது அதற்கு மட்டும்.

"அழிக்கவா, வைக்கவா?" அண்ணா அம்மாவைத்தான் கேட்டார்.

அம்மா வேண்டாம் என்றால் முடிந்தது. அவருக்கு வேண்டியது தங்கை, பறவை இல்லை. "அம்மா, இதைத்தான் சித்தி..." என்று தொடங்கினேன். "நீ பொறு" என்றார். திரைக்குக் கிட்டக் குனிந்தார். உங்களைப் பார்த்தார், அதைப் பார்த்தார், திரும்ப உங்களைப் பார்த்தார்.

"இந்தக் கள்ளனைத் தேடியோ இவள் ஒவ்வொரு ஞாயிறும் ஓடினவள்?"

"ஓம் அம்மா."

"அவளைப் போலதான் நிக்குது. ஒளிச்சுக்கொண்டு." அண்ணாவிடம் திரும்பினார். "சீலை வேண்டாம் தம்பி. புல்லும் இருக்கட்டும். அந்தக் கன்னத்துச் சேற்றை மட்டும் துடைச்சுவிடு." அண்ணா சுட்டியை உங்கள் கன்னத்துக்குக் கொண்டுபோனார். உடனே அம்மா, "விடு, விடு. நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைக்கிறன்" என்றார்.

அண்ணா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். என் கண்ணில் எறும்பு.

திவசத்துக்குப் படத்தில் மாலை போட்டோம். மாலை பறவையை மறைக்காதபடி ஒரு பக்கம் இழுத்துவிட்டது அம்மாதான். வந்தவர்களிடம் எல்லாம், "இதுக்குள்ள ஒரு ஆள் ஒளிச்சு நிக்குது, கண்டுபிடிச்சால்தான் வடை" என்று நான் வாசலில் நின்று சொன்னேன். சனம் வரிசையில் நின்று உங்களை உற்றுப் பார்த்தது. உயிரோடு இருந்தபோது இப்படிப் பார்த்திருந்தால் தூண் தேடி ஓடியிருப்பீர்கள். ஐயர் சங்கற்பத்தைத் தொடங்காமல் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "எங்கை பிள்ளை, காணேல்லை" என்றார். காட்டியதும் சிரித்த சிரிப்பில் தர்ப்பையைக் கீழே போட்டுவிட்டார். திவச வீட்டில் இவ்வளவு சிரிப்பா என்று எதிர் ஃப்ளாட்டிலிருந்து எட்டிப்பார்த்தார்கள்.

சுனில் அய்யேக்கும் காட்டினேன். ஓட்டோவை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தார். "மிஸ்கே கொகா" என்றார். மிஸ்ஸின் கொக்கு. இந்தமுறை நான் திருத்தவில்லை.

இப்போது அம்மா விளக்கேற்றும்போது கண்ணை மூடுவதில்லை. காலையில் தேத்தண்ணியோடு வந்து உங்களுக்கு முன்னால் நின்று மீன் விலை, என் சேட்டை, மேல்மாடிச் சண்டை எல்லாம் சொல்கிறார். போகமுன் சேலைத் தலைப்பால் கண்ணாடியில் உங்கள் கன்னத்தைத் துடைக்கிறார். சேறு போவதில்லை. அடுத்தநாளும் துடைக்கிறார்.

போன ஞாயிறு அவர் என்னோடு சதுப்புக்கு வந்தார்! வெளிறிய உடுப்பு என்று படித்துப் படித்துச் சொன்னேன். செம்மஞ்சள் சேலையில் வந்திறங்கினார். மல்லிகைப்பூ வேறு. ஒரு நீர்க்காகம்கூட மிஞ்சவில்லை. "எங்கையடி உன்ர குருகு?" என்று அவர் கேட்ட சத்தத்துக்குப் பேலியகொடை மீன் சந்தையில் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் சேற்றில் விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது அவர் நீங்கள்தான் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

கமராவைத் தூக்கினேன். சட்டென்று கையைத் தூக்கி முகத்தை மறைத்துவிட்டார். குடும்பக் கூச்சம்!

ஆகவே சித்தி, கமராவைப் பெற்றுக்கொண்டவள் என்ற முறையில் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நிற்கிற படம் கிடைத்தால் கமரா எனக்கு என்றீர்கள், கிடைத்துவிட்டது, ஏமாற்றக்கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் சதுப்பில் எனது முதல் படம் அம்மாவுடையது. கை இறங்கும்வரை கல்லாக இருப்பேன். குருகு வந்து அலகை நீட்டிக்கொண்டு நின்றாலும், அது தன் முறை வரும்வரை நிற்கட்டும்.

எறும்பு கடித்தாலும் அசையாத,
உங்கள் அக்காவின் மகள்,
அபி